பெரிய பங்காளியும் சின்னப் பங்காளியும்

தலைமடையில் பத்து வேலி வைத்திருப்பவர் மதகை இறக்காமல் இருந்துவிட்டால், கடைமடையில் மூன்று மா சாகுபடி செய்பவர் என்ன செய்ய முடியும்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இராத்திரியில் போய்க் காத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டலாம். தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கலாம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்காத விவசாயி இருக்கமாட்டார். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும், தேசத்துக்கும் தேசத்துக்கும் இடையே நடப்பதும் ஏறக்குறைய இதே வழக்குத்தான். மதகு மட்டும் பெரியது.

அண்டை நாடுகள் கூடி வாழவேண்டும் என்று மாநாடுகளில் பேசுவது புதிதல்ல. அளவில் ஏற்றத்தாழ்வு உள்ள பங்காளிகள் கூடி வாழ்வதற்குத் தடையாக இருப்பது எது என்பதைக் காவிரி டெல்டாவில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் எந்தப் பங்காளிக்கும் ஒப்பந்தம் தேவைப்படுவதில்லை. மழை பொய்த்த வருஷத்தில் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்த வருஷத்தைப் பற்றி மட்டும் அதில் தெளிவாக எழுதியிருப்பதில்லை.

2023ஆம் ஆண்டுக் குறுவை

அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, வழக்கமான நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதை நம்பி நாற்று விட்டார்கள், நட்டார்கள். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பிலிகுண்டுலுவில் வந்து சேரவேண்டிய தண்ணீர் சேரவில்லை. விநாடிக்கு 5,000 கன அடி வீதம் பதினைந்து நாளைக்குத் திறந்துவிடும்படி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஆகஸ்டு கடைசியில் உத்தரவிட்டது. செப்டம்பரில் மறுபடியும் பதினைந்து நாள் என்றது. கர்நாடகத்தில் பந்த் நடந்தது. இரு மாநிலங்களும் சுப்ரீம் கோர்ட்டு வாசலில் நின்றன. ஜனவரி 28 வரை திறந்திருக்கவேண்டிய மேட்டூர் அணை அக்டோபர் 10ஆம் தேதியே மூடப்பட்டது. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. சம்பாவுக்கு நேரடி விதைப்புச் செய்தவர்கள் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

5,000 கன அடி என்று பத்திரிகையில் படிக்கும்போது பெரிதாகத் தோன்றும். விநாடிக்குச் சுமார் 11,600 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். ஆகவே அந்தப் பதினைந்து நாள் உத்தரவு முழுமையாக நிறைவேறினாலும் கிடைப்பது ஆறரை டி.எம்.சி.தான். சாதாரண வருஷத்தில் செப்டம்பர் மாதத்துக்கு மட்டும் விதிக்கப்பட்ட அளவோ 36.76 டி.எம்.சி.

குறைச்சல் வருஷத்துக்கு வழியே சொல்லப்படவில்லை என்று கூறுவது நியாயமாகாது. தண்ணீர் குறைந்தால் அவரவர் பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பிலேயே உள்ளது. சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரி 16ஆம் தேதி தமிழ்நாட்டின் பங்கை 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆகவும், பிலிகுண்டுலுவில் வந்து சேரவேண்டியதை 192லிருந்து 177.25 ஆகவும் குறைத்தபோதும் இந்த விதியை மாற்றவில்லை. குறைச்சலை எந்தத் தேதியில் கணக்கிடுவது, எந்தெந்த அணையின் இருப்பைச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. மேலே இருப்பவர், "பருவம் முடியட்டும், கணக்குப் பார்ப்போம்" என்கிறார். கீழே இருப்பவரின் நாற்றங்காலில் இருபத்தைந்து நாள் நாற்று நிற்கிறது. அது எந்தக் கணக்குக்கும் காத்திருக்காது.

இதில் பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. காவிரியில் மொத்தம் 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் வைத்துக்கொண்ட அளவு, இரண்டு வருஷத்துக்கு ஒரு வருஷம் நிச்சயமாகக் கிடைக்கும் என்ற கணக்கில் வந்த அளவு. மற்ற வருஷத்தில் அதற்குக் குறைவாக வரும் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. குறைச்சல் வருஷத்தை எப்போதோ வரும் ஆபத்தாக எண்ணி நாலு வரியில் விட்டுவிட்டு, நல்ல வருஷத்துக்கு மாதவாரியாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை அந்தத் தீர்ப்பில் இல்லை.

பழைய காயம்

கர்நாடகம் மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறது என்று டெல்டாவில் கேட்பார்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1892ஆம் ஆண்டு சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டவேண்டுமானால் சென்னையின் முன்சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது சென்னை நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பெரிய ராஜதானி. மைசூர் பரப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அதன் மகாராஜாவும் பிரிட்டிஷாரின் தயவில் இருந்தவர். சமமான இருவர் போட்ட கையெழுத்து அது என்று யாரும் சொல்லமுடியாது.

பிறகு கண்ணம்பாடி அணைத் திட்டம் வந்தது. விசுவேசுவரய்யா அப்போது மைசூரின் தலைமை எஞ்சினீயர். 1912 முதல் திவான். சென்னை சம்மதித்தது குறைந்த உயரத்துக்கு. மைசூரோ அடித்தளத்தை முழு உயரத்துக்கும் தாங்கும்படி அகலமாகவே போட்டது. சென்னைக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1914ல் நடுவர் கிரிஃபின் கொடுத்த முடிவைச் சென்னை ஏற்கவில்லை. மேல்முறையீடு லண்டன் வரை போயிற்று. கடைசியில் 1924 பிப்ரவரி 18ஆம் தேதி ஒப்பந்தத்தில் கண்ணம்பாடியும் மேட்டூரும் இரண்டும் கட்டலாம் என்று ஆயிற்று. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள மேட்டூர் அணை 1934ல் முடிந்தது. இன்றைக்கு டெல்டா சாப்பிடும் சோறு அந்த ஒப்பந்தத்தில் விளைந்தது என்றே சொல்லலாம்.

1956ல் மாநிலங்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. தலைக்காவிரி இருக்கும் குடகு மைசூரோடு சேர்ந்தது. சென்னை ராஜதானி பல மாநிலங்களாகப் பிரிந்தது. பரப்பளவில் கர்நாடகம் தமிழ்நாட்டை மிஞ்சிவிட்டது. மேட்டு நிலமும் அதன் கையில். சின்னப் பங்காளியாக இருந்தபோது பட்ட அவமானத்தைப் பெரிய பங்காளியான பிறகும் அது மறக்கவில்லை. 1924 ஒப்பந்தத்தின் சில ஷரத்துகளை ஐம்பது ஆண்டு கழித்து, அதாவது 1974ல், திரும்பப் பார்க்கலாம் என்று இருந்ததை, ஒப்பந்தமே காலாவதி என்று கர்நாடகம் வாதித்தது. ஹேமாவதி, கபினி, ஹாரங்கி அணைகள் எழுந்தன. டெல்டா விவசாயிகளின் சங்கம் 1983ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், ஏழு வருஷம் காத்திருந்து, 1990 ஜூன் 2ஆம் தேதி நடுவர் மன்றம் அமைந்தது. வழக்கைத் தொடங்கி நடத்தியவர்கள் விவசாயிகள் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

மாண்டியாவில் கரும்பும் நெல்லும் போடுகிறவரும் சின்ன விவசாயிதான். அவருக்கும் மழை பொய்த்தால் கடன்தான் மிச்சம். 2003ல் இரு மாநில விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒரு குழு அமைத்து, அவர்கள் வயலை இவர்களும் இவர்கள் வயலை அவர்களும் போய்ப் பார்த்தார்கள். சர்க்கார்கள் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் அது பெரிய காரியம். ஆனால் பற்றாக்குறை வருஷத்துக்கு இன்னாருக்கு இவ்வளவு என்ற முடிவான பங்கீட்டை அந்தக் குழுவாலும் தரமுடியவில்லை.

காரைக்காலில் நின்று பார்த்தால்

இனி வரும் செய்தி டெல்டா விவசாயிகள் சிலருக்குக் கசக்கலாம். காவிரியின் உண்மையான கடைமடை காரைக்கால். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தச் சிறு பகுதியைச் சுற்றிலும் தமிழ்நாடு. அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, நண்டலாறு, நூலாறு என்று அங்கே போகும் ஒவ்வோர் ஆற்றுக்கும் மேலே உள்ள மதகுகள் தமிழ்நாட்டின் கையில். நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. அது முழுதாக வருவதில்லை, வரும்போதும் பயிருக்கு வேண்டிய நாளில் வருவதில்லை என்பது காரைக்கால் விவசாயிகளின் நெடுநாளைய புகார். அங்கே நெல் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியிருக்கிறது.

அதற்குத் தமிழ்நாட்டுத் தரப்பில் சொல்லப்படும் பதில் என்ன? மேலே வந்தால்தானே கீழே விடமுடியும் என்பது. நியாயமான பதில்தான். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை கர்நாடகம் சொல்லும் பதிலும் அதுவே என்பதை மறந்துவிடக் கூடாது. பிலிகுண்டுலுவில் நிற்கும்போது தமிழ்நாடு சின்னப் பங்காளி. அரசலாற்றுக் கரையில் நிற்கும்போது அதுவே பெரிய பங்காளி. யாருமே எப்போதும் சின்னவராக இருப்பதில்லை.

ஃபராக்காவில் ஓர் அட்டவணை

இந்த அளவுகோலைத் தேசத்துக்கு வைத்துப் பார்க்கலாம். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் பொதுவான ஆறுகள் 54. கல்கத்தா துறைமுகத்தில் வண்டல் படிவதைத் தடுக்கக் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்புவதற்காக ஃபராக்கா அணை 1975ல் இயங்கத் தொடங்கியது. வங்கதேசத்தில் குல்னா பக்கத்து நிலங்களில் உப்பு ஏறியது. நன்னீர் வரத்துக் குறைந்தால் கடல்நீர் எப்படி உள்ளே வரும் என்பதை வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. 1976ல் மௌலானா பாஷானி என்ற முதிய தலைவர் ஃபராக்காவை நோக்கி மக்களைத் திரட்டிப் பாதயாத்திரை நடத்தினார். வங்கதேசம் ஐ.நா. சபைக்கும் போயிற்று.

1977ல் ஐந்து வருஷத்துக்கு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் நல்ல அம்சம் ஒன்று இருந்தது. தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் வங்கதேசத்துக்கு உரிய அளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுப்பது என்பதே அது. 1996 டிசம்பர் 12ஆம் தேதி, 30 வருஷத்துக்கு என்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் அந்த உத்தரவாதம் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. அதைக் காவிரிக்காரர்கள் கவனித்துப் படிக்கவேண்டும். ஃபராக்காவில் வரத்து 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவு என்றால் சரிபாதி. 70,000க்கும் 75,000க்கும் இடையில் என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000க்கு மேல் போனால் இந்தியாவுக்கு 40,000, மீதி அவர்களுக்கு. ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்து நாளுக்கு ஒரு கணக்கு. ஃபராக்காவிலும், எல்லைக்கு அப்பால் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டு ஊழியர்களும் கூடவே நின்று அளவு எடுப்பார்கள்.

வரத்து 50,000 கன அடிக்கும் கீழே இறங்கினால்? இரு அரசுகளும் உடனே கலந்து பேசும் என்று இருக்கிறது. அதாவது படுமோசமான வருஷத்தை அங்கேயும் பேச்சுக்கு விட்டுவிட்டார்கள். பெரியவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார், கெட்ட காலத்துக்கு உத்தரவாதம் கொடுக்க மட்டும் பேனா எழாது. என்றாலும் காவிரியில் இல்லாத அட்டவணை கங்கையில் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தின் முப்பது வருஷக் கெடு 2026 டிசம்பரில் வருகிறது.

பெரிய நாடு என்பதும் ஒரே ஆள் அல்ல. டீஸ்டா ஆற்றுப் பங்கீடு 2011 செப்டம்பரில் டாக்காவில் கையெழுத்தாக இருந்தது. மேற்கு வங்காளம் ஆட்சேபித்ததால் நின்றுபோயிற்று. சின்ன நாட்டின் கண்ணுக்கு இது சாக்குப்போக்காகத் தெரியும். 1996ல் ஜோதிபாசு துணை நின்றதால்தான் கங்கை ஒப்பந்தம் நடந்தது என்பதை நினைத்தால், அது வெறும் சாக்கல்ல என்பதும் விளங்கும்.

நேபாளத்தின் சங்கதி மைசூரின் கதையைப் போன்றது. 1954 கோசி, 1959 கண்டக் ஒப்பந்தங்களில் ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது. 1996ல் மகாகாளி ஒப்பந்தம் கையெழுத்தாகியும், அதில் கண்ட பஞ்சேசுவர் அணை இன்னும் எழவில்லை. பூட்டானில் மட்டும் காரியம் நடந்தது. இந்தியா மானியமாக 60, கடனாக 40 சதவீதம் பணம் கொடுத்துக் கட்டிய சூக்கா நீர்மின் நிலையம் 1980களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. மின்சாரத்தை இந்தியா வாங்கிக்கொள்கிறது. பூட்டான் கஜானாவுக்குப் பணம் போகிறது. பணம் போட்டவருக்கும் இடம் கொடுத்தவருக்கும் கையில் காசு தெரிந்தது.

இதே இந்தியா பிரம்மபுத்திராவில் கீழ்மடைக்காரர். மேலே சீனா திபெத்தில் பிரம்மாண்டமான அணை வேலையை 2025ல் தொடங்கியபோது, வரத்துப் புள்ளிவிவரம் வேண்டும், கீழே உள்ளவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்று புதுடெல்லி கேட்டது. டாக்கா வெகு நாளாகப் புதுடெல்லியிடம் கேட்டுவருவதும் அதுதான்.

பேசக்கூடாத பேச்சு

தென்னாசிய நாடுகள் ஏழும் 1985 டிசம்பர் 8ஆம் தேதி டாக்காவில் கூடி சார்க் அமைப்பைத் தொடங்கின. 2007ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. முதல் ஏழில் மக்கள்தொகையிலும் பொருளாதாரத்திலும் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தியா. மற்ற ஆறும் நிலத்தாலோ கடலாலோ இந்தியாவோடு ஒட்டியவை. அந்த ஆறில் எதற்கும் இன்னொன்றோடு நில எல்லை கிடையாது. ஆறு பேரும் சேர்ந்து தன்னை மடக்குவார்கள் என்று பெரியவருக்குப் பயம். தனித்தனியே கூப்பிட்டுப் பேசி அமுக்கிவிடுவார் என்று சின்னவர்களுக்குப் பயம். இரண்டு பயத்துக்கும் இடம் கொடுத்து, எல்லா முடிவும் ஒருமனதாக இருக்கவேண்டும், இரண்டு நாடுகளுக்கு இடையிலான வழக்குகளையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் இங்கே பேசக்கூடாது என்று சாசனத்தில் எழுதினார்கள். ஆற்று நீர் இப்படி வெளியே போயிற்று. வயல் தகராறைப் பேசாத ஊர்ப் பஞ்சாயத்து எதற்கு? 2014 நவம்பரில் காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் தலைவர்கள் கூடவே இல்லை.

தானியக் கதை இன்னும் பரிதாபம். 1988ல் ஏழு நாடுகளும் சேர்ந்து 2 லட்சம் டன் தானியத்தை அவரவர் கிடங்கில் அவசரத்துக்கென்று ஒதுக்கின. 1991 ஏப்ரலில் வங்கதேசத்தைப் பெரும்புயல் தாக்கியபோதும் அது பயன்படவில்லை. 2007ல் 'உணவு வங்கி' என்று புதிய ஒப்பந்தம் போடும் வரை ஒரு மூட்டைகூட அதிலிருந்து வெளியே போகவில்லை. என்ன விலை, எந்த வழியாக அனுப்புவது என்பதையெல்லாம் பஞ்சம் வந்த பிறகு கேட்பவரும் கொடுப்பவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பசித்தவன் விலை பேசிக்கொண்டிருக்க முடியுமா?

நிரம்பிய அணையில் செய்யவேண்டியது

டெல்டாவுக்குள் தண்ணீர் குறைந்த நாளில் முறைப்பாசனம் வைக்கிறார்கள். காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள், கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். முணுமுணுப்பு உண்டு, திருட்டுத்தனமாகப் பலகை தூக்குவதும் உண்டு. ஆனாலும் பெரிய மிராசுதாரும் குத்தகைக்காரரும் ஏறக்குறைய அதற்குக் கட்டுப்படுகிறார்கள். தேதி முன்னாலேயே தெரியும்; மதகுச் சாவி இருவர் கையிலும் இல்லாமல் லஸ்கர் கையில் இருக்கிறது.

2022-23ல் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்த தண்ணீர் 177.25 டி.எம்.சி.யைப் போல மூன்று மடங்குக்கும் மேல். 2024 ஜூலை கடைசியிலும் 2025 ஜூனிலும் மேட்டூர் நிரம்பியது. 2024ல் உபரி கொள்ளிடத்தில் கடலுக்குப் போயிற்று. அந்த நாள்களில் யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. குறைச்சல் வருஷ அட்டவணையை எழுதுவதற்குத் தோதான நேரம் அதுதான். ஜூலை 15ஆம் தேதி கர்நாடகத்தின் நான்கு அணைகளிலும் மேட்டூரிலும் சேர்த்து இவ்வளவு இருந்தால் பிலிகுண்டுலுவுக்கு இவ்வளவு, அதில் பாதி இருந்தால் இவ்வளவு என்று ஃபராக்காவைப் போலப் படிப்படியாக எழுதவேண்டும். படுமோசமான படிக்கும் ஓர் எண் இருக்கவேண்டும்; கலந்து பேசுவோம் என்ற வார்த்தை அங்கே உதவாது. அந்த எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. குறுவை போடலாமா, போடாமல் சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று ஜூலையிலேயே தெரிந்துவிட்டால் விதைநெல்லும் உழவுக் கூலியும் மிஞ்சும். 2018 ஜூன் முதல் இருந்துவரும் மேலாண்மை ஆணையத்தில் நான்கு தரப்புக்கும் இடம் உண்டு. அவர்களை நிரம்பிய அணையின் கரையில் உட்காரவைத்து இதைக் கேட்கவேண்டியது தமிழ்நாடு.

அப்படிக் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. காரைக்காலுக்குள் நுழையும் ஒவ்வோர் ஆற்றிலும் எல்லையில் தமிழ்நாட்டு ஊழியரும் புதுச்சேரி ஊழியரும் சேர்ந்து தினம் காலையில் அளவு எடுத்து, இன்று வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று கரையிலேயே பலகையில் எழுதிப்போட வேண்டும். பற்றாக்குறை வந்தால் 7 டி.எம்.சி.யில் எத்தனை குறையும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இதற்குக் கர்நாடகத்தின் சம்மதமோ சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவோ தேவையில்லை. வாய்க்கால் தூர்வாரும் ஏப்ரல், மே மாதங்களிலேயே பலகைகளை நட்டு முடித்துவிடலாம்.